எட்டு மூலைப் பலகை

காலை எட்டரை மணி. பீளமேட்டில் ஒரு சிறிய தெரு அவிநாசி ரோட்டில் வந்து சேரும் இடம். ஒரு பாட்டி பேரனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பஸ்களும் லாரிகளும் பறக்கின்றன. தெருவுக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. அது நிற்கவில்லை. பெரிய ரோட்டுக்குள் அப்படியே பாய்கிறது!

"அம்மிச்சி, இங்கொரு போர்டு வெச்சிருந்தா அவரு நின்னுருப்பாருங்களா?" என்று கேட்கிறான் பையன்.

"போர்டு வெச்சாப் போதுமா, கண்ணு? நிக்கோணுமில்ல!" என்கிறார் பாட்டி.

பீளமேட்டில் எந்தத் தெரு முனையிலும் காணக்கூடிய காட்சி இது. பையன் கேட்டதும் சரி, பாட்டி சொன்னதும் சரி.

எட்டு மூலை ஏன்?

"நில்" என்று கட்டளையிடும் பலகைக்கு எட்டு மூலை. நிறம் சிவப்பு. முதல் பலகை 1915-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் வைக்கப்பட்டது. அப்போது அது வெள்ளை நிறச் சதுரம். 1923-ல் அந்த நாட்டு நெடுஞ்சாலை அதிகாரிகள் சிலர் கூடி, "மூலைகள் கூடக் கூட ஆபத்து அதிகம்" என்று ஒரு கணக்கு வைத்தார்கள். அதில் இந்தப் பலகைக்கு எட்டு மூலை கிடைத்தது. 1954-ல் அங்கே சிவப்பு நிறம் வந்தது.

இதில் ஒரு நன்மை உண்டு. எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் இந்தப் பலகையைப் படிக்கலாம். மண் அப்பி எழுத்து மறைந்தாலும் வடிவம் காட்டிக் கொடுத்துவிடும். நம் நாட்டிலும் இதே எட்டு மூலைதான்.

தலைகீழ் முக்கோணம் வேறு. "வழி விடு" என்பது அதன் பொருள். வேகத்தைக் குறைத்து, ரோட்டில் வண்டி வந்தால் மட்டும் நிற்க வேண்டும். எட்டு மூலைப் பலகை அப்படியல்ல. ரோடு காலியாக இருந்தாலும் சக்கரம் முழுதும் நின்றாக வேண்டும். பிறகு இரு பக்கமும் பார்த்துப் போகலாம்.

எங்கே வைக்கலாம்?

"எங்கள் தெருவில் வண்டிகள் வேகமாகப் போகின்றன. ஒரு பலகை வையுங்கள்" என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் வேகத்தை அடக்குவதற்காக இந்தப் பலகையை வைக்கக் கூடாது என்பது நிபுணர்கள் கண்ட பாடம். தேவையில்லாத இடத்தில் வைத்தால் யாரும் நிற்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் தேவையான இடத்துக்கும் தொற்றிக்கொள்ளும்.

சின்னத் தெரு பெரிய ரோட்டில் சேரும் இடம், சுவரோ மரமோ மறைத்து எதிரே வருவது தெரியாத இடம், விபத்து திரும்பத் திரும்ப நடக்கும் இடம் - இவையே ஏற்ற இடங்கள். சிக்னல் விளக்கு வேலை செய்யும் சந்திப்பில் இந்தப் பலகை வேண்டியதில்லை. எல்லாப் பக்கத்திலும் பலகை வைப்பதற்கு, 12 மாதத்தில் 5 விபத்து என்பதை ஓர் அளவுகோலாக 2009-ல் வெளியான அமெரிக்க விதிநூல் சொன்னது.

தாற்காலிக விதி

அவிநாசி ரோட்டு மக்களுக்குத் தாற்காலிக மாற்றங்கள் புதிதல்ல. உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் கட்டும் வேலை 2020-ல் தொடங்கியது. வேலை நடந்த ஆண்டுகளில் எத்தனையோ பாதை மாற்றங்கள்! 2025 அக்டோபர் 9-ந் தேதி பாலம் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. 1920-லேயே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டியவர் அவர்.

இப்படி வண்டிகளைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவு இடம் தருகிறது. சாதாரணமாக அந்த உத்தரவு அரசிதழில் வெளியாக வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத உத்தரவானால் அரசிதழ் தேவையில்லை. ஆனால் உள்ளூர் மக்களுக்குத் தெரியும்படி விளம்பரம் செய்ய வேண்டும். தடை விதித்தால் அதற்குரிய பலகைகளையும் தகுந்த இடங்களில் வைக்க வேண்டும். சொல்லாமல் ஒரு விதியைப் போட்டுவிட்டு, "ஏன் மீறினாய்?" என்று கேட்பது நியாயமாகாது அல்லவா?

நம் கடமை

மக்களுக்கும் கடமை உண்டு. போக்குவரத்துப் பலகையை அகற்றுவதோ சிதைப்பதோ குற்றம். உங்கள் வண்டி தவறிப்போய் அதை இடித்துவிட்டால், 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும். 2019-ல் சட்டம் திருத்தப்பட்டபோது, "நில்" பலகையை மீறுவதும் ஆபத்தாக வண்டி ஓட்டும் குற்றத்தில் சேர்க்கப்பட்டது. முதல் முறைக்கே 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

மேலே பாலம் வந்துவிட்டது. கீழே தெரு முனைகள் அப்படியேதான் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளும், ஆலைக்குப் போகிறவர்களும், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் அங்கேதான் ரோட்டைக் கடக்கிறார்கள்.

வண்டியை நிறுத்திப் பார்க்க நான்கைந்து விநாடி போதும். பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தெரு முனை வந்தால் நில்லுங்கள். பேரன் கையைப் பிடித்தபடி ஒரு பாட்டி அங்கே நின்றுகொண்டிருப்பார்.