மலைப்பாம்பின் வெயில்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பல வருஷங்களாக ஒரு மலைப்பாம்பின் படம் மாட்டியிருந்தது. 1994இல் நம் சங்கத்தின் சித்திரைத் திருநாள் விழாவை ஒட்டி நடந்த புகைப்படக் கண்காட்சியில் பரிசு வாங்கிய படம். அந்தப் பாம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தலையைத் தூக்கி, நேராகக் காமிராவைப் பார்க்கும். பார்த்தவர்கள் எல்லோரும் "அடேயப்பா!" என்றார்கள். நண்பர் ஒருவரின் மகள், அப்போது ஏழெட்டு வயதிருக்கும், அவள் மட்டும் "அது ஏன் மாமா உங்களையே பார்க்குது?" என்று கேட்டாள்.

"படம் எடுக்கிறேன்னு தெரிஞ்சு போஸ் கொடுத்தது" என்று சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் சொன்னது பொய். அது ஏன் என்னைப் பார்த்தது என்பது எனக்குத் தெரியும். இத்தனை காலம் கழித்து அதை நம் பத்திரிகையிலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

தில்லியிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில், ராஜஸ்தானில் இருக்கிறது பரத்பூர். அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நம்மில் பலர் குளிர்காலத்தில் குடும்பத்தோடு போய்ப் பறவைகளைப் பார்த்துவிட்டு வந்திருப்போம். 1994 ஜனவரியில் நானும் ஒரு நண்பரும் போனதும் பறவைகளுக்காகத்தான்.

எங்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிய சர்தார்ஜி, "பாபுஜி, இன்று வெயில் நன்றாக இருக்கிறது, அஜ்கர் வெளியே வந்திருக்கும்" என்றார். அஜ்கர் என்றால் மலைப்பாம்பு. வண்டியை நிறுத்தி அவர் காட்டிய இடத்தில், ஒரு வளையின் வாயிலில், பெரிய வடக்கயிற்றைச் சுருட்டி வைத்தாற்போல் கிடந்தது. பத்தடிக்குக் குறையாது. ஆனால் தலை சுருளுக்குள் மறைந்திருந்தது. தலை தெரியாத பாம்புப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நண்பர் சொன்னார்: "காலால லேசாத் தட்டுங்க, தூக்கும்." நான் மூன்று முறை ஓங்கி மிதித்தேன்.

தூக்கியது. இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவதற்கு பிலிமை நகர்த்துவதற்குள், உள்ளேயிருந்து யாரோ இழுப்பதுபோல் அத்தனை நீளமும் வளைக்குள் போய்விட்டது.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம், வரவில்லை. சர்தார்ஜி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "மூன்று நாள் மூடுபனிக்குப் பிறகு இன்றைக்குத்தான் வெயில் வந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மறுநாள் காலை மறுபடியும் மூடுபனி. நாங்கள் ரயிலேறும் வரை சூரியனைப் பார்க்கவில்லை.

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. பரத்பூர் மலைப்பாம்புகளைப் பல காலம் ஆராய்ந்தவர் டாக்டர் எஸ். பூபதி. பின்னாளில் கோவை சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தில் பணியாற்றியவர். அவரும் வி.எஸ். விஜயனும் எழுதிய கட்டுரை 1989இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதைத் தேடிப் படித்தேன். அங்கே தொடங்கி, கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

மலைப்பாம்புக்கு மண்ணைத் தோண்டத் தெரியாது. முள்ளம்பன்றி தோண்டிய வளைகளில்தான் அது குளிர்காலத்தைக் கழிக்கிறது. சில வளைகளில் முள்ளம்பன்றி, பாம்பு, வௌவால் மூன்றுமே குடியிருப்பதுண்டு. வெளியே எலும்பை உறைய வைக்கும் குளிர் அடித்தாலும் மண்ணுக்குள் அவ்வளவு குளிர் இருக்காது. ஆனால் அது போதாது. நமக்குச் சாப்பிடும் சோறு உடம்பைச் சூடாக வைக்கிறது; பாம்புக்கு வெயில்தான் சூடு. விழுங்கிய இரை செரிக்க வேண்டுமென்றாலும் உடம்பில் சூடு வேண்டும். அதனால் வெயில் ஏறியதும் வளை வாயிலுக்கு வந்து காய்கிறது. அவை இணை சேருவதும் இந்தக் குளிர்காலத்தில்தான். பிறகு தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு சுமார் இரண்டு மாதம் அடைகாக்கும். குளிரும்போது தன் தசைகளை நடுக்கி முட்டைகளுக்குச் சூடேற்றும். பாம்பு இனத்தில் இது அபூர்வம்.

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையில் எழும் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக அறிந்துகொள்கிறது. மலைப்பாம்புக்கு உதட்டோரத்தில் சின்னக் குழிகள் வேறு உண்டு. அவற்றால் பிற பிராணிகளின் உடல் வெப்பத்தையும் உணரும். ஆக, நான் மிதித்த மூன்று மிதியும் அதன் தாடையில் விழுந்த மிதிதான். ஒரு நல்ல படத்துக்காக, நாலு நாளில் அதற்குக் கிடைத்த ஒரே வெயிலை நான் பறித்துக்கொண்டேன். அந்தப் பாம்பு அதனால் செத்திருக்காது. ஆனால் நாளைக்குப் பத்துப் பேர் வந்து பத்து முறை மிதித்தால் அதன் குளிர்காலம் என்ன ஆகும்?

பணி ஓய்வுக்குப் பிறகு, 2023 ஜனவரியில் மறுபடியும் போனேன். இந்த முறை 400 மில்லிமீட்டர் லென்ஸும், என் மனைவி தைத்துக் கொடுத்த துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியும் கையில் இருந்தன. அரிசிப் பையைத் தரையில் வைத்து அதன் மேல் லென்ஸைப் பதித்தால் ஆடாது. கோணமும் பாம்பின் கண் மட்டத்துக்கு வரும். பாதையை விட்டு இறங்காமலே பார்க்கக்கூடிய ஒரு வளையை வழிகாட்டி காட்டினார். சுமார் இருபது மீட்டர் தூரம். பாம்பு வெளியே வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். வந்த பிறகு நாம் போனால் நாம் அதற்கு ஆபத்து. முன்பே அசையாமல் இருந்தால் மரம் மட்டை மாதிரி.

பதினோரு மணிக்கு நாக்கு தெரிந்தது. பிறகு மூக்கு. முழு உடம்பும் வெளியே வர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. வெயில் பட்டதும் பழுப்புத் தோலின் மேல் எண்ணெய் பூசினாற்போல் வானவில் நிறங்கள் ஓடின. ஒரு புல் அதன் முகத்துக்குக் குறுக்கே சாய்ந்திருந்தது. போய் ஒடித்துவிட்டு வரலாமா என்று கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

அப்போது ஓர் இளைஞர் கூட்டம் செல்போனோடு வந்தது. "அங்கிள், ஹிலேகா க்யா?" என்று ஒரு பையன் மண்ணாங்கட்டியைக் கையில் எடுத்தான். அசையுமா என்று கேட்கிறான். நானும் ஒரு காலத்தில் அதையே கேட்டவன்தானே? பேசாமல் அவனைக் கூப்பிட்டுக் காமிரா வழியாகப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். மண்ணாங்கட்டியைக் கீழே போட்டுவிட்டு, கூட வந்தவர்களையும் ஒவ்வொருவராகப் பார்க்க வைத்தான். ஒரு மணிக்கு நாங்கள் எழுந்து வந்தபோது பாம்பு அதே இடத்தில் கிடந்தது.

டாக்டர் பூபதி 2014இல் அகத்திய மலைப் பகுதியில் களப்பணிக்குச் சென்றபோது காலமானார். 2017இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்டறியப்பட்ட ஒரு தவளை இனத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

படம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பாம்பைத் தேடிக் காட்டுக்கு ஓட வேண்டாம். தில்லிப் பூங்காக்களில் ஓணானிடம் பழகுங்கள். நாம் நெருங்கும்போது அது மரத்தின் மறுபக்கம் நகர்ந்தால், மிகவும் கிட்டே போய்விட்டோம் என்று அர்த்தம், பின்வாங்கிக் காத்திருங்கள். கல்லைப் புரட்டாதீர்கள், செடியை வெட்டாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். பிடித்துக் குளிரவைத்து அசையாமல் கிடத்தி எடுக்கும் படங்களும் உலவுகின்றன; அவற்றைப் பாராட்டாதீர்கள். சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் விலங்கைச் சீண்டுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வளை எங்கே இருக்கிறது என்பதை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். நானும் இங்கே சொல்லவில்லை.

கூடத்தில் இப்போது புதிய படம் மாட்டியிருக்கிறேன். முகத்தின் குறுக்கே புல், தலை சுருளின் மேல் சாய்ந்தபடி. பரிசு கிடைக்காது. அன்றைக்குக் கேள்வி கேட்ட பெண் போன தீபாவளிக்குத் தன் மகனோடு வந்திருந்தாள். பையன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தூங்குதா தாத்தா?" என்று கேட்டான்.

"பாம்புக்கு இமை கிடையாதுடா கண்ணா. தூங்குதா முழிச்சிருக்கான்னு எனக்கும் தெரியாது. வெயில் காயுது" என்றேன்.