யார் சொல்வதை நம்புவது? அன்றும் இன்றும்

1984 செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள தி டால்ஸ் என்ற சிறிய ஊர். அங்கே உணவகத்துக்குப் போய் வந்தவர்கள் வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் என்று அடுத்தடுத்துப் படுத்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, 751 பேர். நல்லவேளையாக யாரும் சாகவில்லை.

அந்த ஊர் உணவகங்களில் சாலட் மேசை என்று ஒன்று உண்டு. நறுக்கிய காய்கறி, கீரை, மேலே ஊற்றிக்கொள்ளும் சாஸ் எல்லாம் திறந்த பாத்திரங்களில் இருக்கும். வேண்டியதை அவரவரே தட்டில் போட்டுக்கொள்வார்கள். நோய் அங்கிருந்துதான் பரவியது என்று தெரிந்துவிட்டது. எப்படிப் பரவியது? சமையல் ஆட்கள் கையைச் சரியாகக் கழுவவில்லை என்றது சுகாதாரத் துறையின் முதல் அறிக்கை. பழி, உணவகத் தொழிலாளிகள் தலையில் விழுந்தது.

உண்மை வேறு. அதே வட்டாரத்தில் ஆசிரமம் அமைத்திருந்த சாமியார் ரஜனீஷின் ஆட்கள் சிலர், ஆய்வகத்தில் வளர்த்த சால்மனெல்லா கிருமியைப் பத்து உணவகங்களின் உணவில் கலந்திருந்தார்கள். நவம்பரில் நடக்கவிருந்த உள்ளூர்த் தேர்தலில் ஊர்க்காரர்கள் வாக்களிக்க வரக் கூடாது என்பது திட்டம். இது சதி என்று ஜிம் வீவர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1985 பிப்ரவரியில் சபையிலேயே பேசினார். அவரைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் ரஜனீஷே தன் பழைய உதவியாளர்கள் மீது குற்றம் சாட்டிய பிறகுதான் காவல்துறை ஆசிரமத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்த ஆய்வகத்தில் அதே கிருமி கிடைத்தது.

இந்தச் சம்பவத்தின் முழு மருத்துவ ஆய்வுக் கட்டுரை அச்சானது எப்போது தெரியுமா? 1997இல். வெளியே சொன்னால் வேறு யாராவது இதேபோல் செய்யக்கூடும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எப்படிச் செய்தார்கள் என்பதை மறைப்பது வேறு. எப்படிக் கண்டுபிடிப்பது, நோயாளிக்கு என்ன செய்வது என்பதைச் சேர்த்து மறைப்பது வேறு. முதலாவது தேவை. இரண்டாவதால் மருத்துவர்களும் மக்களும் பன்னிரண்டு வருடப் பாடத்தை இழந்தார்கள்.

சோவியத் நாடு இன்னும் மோசம். 1979இல் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி கசிந்து குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்ட இறைச்சி சாப்பிட்டதால் வந்தது என்று அரசு சாதித்தது. போரிஸ் யெல்ட்சின் 1992இல் ஒப்புக்கொள்ளும் வரை அதுதான் அதிகாரபூர்வத் தகவல்.

2001க்கு வருவோம். நம் ஊர் ஆடுமாடு வளர்ப்பவர்கள் அடைப்பான் என்று சொல்லும் அந்த ஆந்த்ராக்ஸ், தூளாகத் தபால் உறையில் ஏறி அமெரிக்காவில் பயணம் செய்தது. புளோரிடாவில் ஒரு பத்திரிகைப் படப் பிரிவு ஆசிரியர் நோயில் விழுந்தார். சுகாதாரத் துறைச் செயலர் டாமி தாம்ப்சன் அக்டோபர் 4 அன்று வெள்ளை மாளிகையில் நிருபர்களிடம், இது தனிப்பட்ட ஒரு சம்பவம், நோயாளி ஓடைத் தண்ணீர் குடித்திருக்கிறார் என்று பேசினார். மறுநாள் அந்த மனிதர் இறந்துபோனார். மூச்சு வழியாக வரும் ஆந்த்ராக்ஸுக்கும் ஓடைத் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை என்பது விஷயம் அறிந்த மருத்துவர் எவருக்கும் தெரியும். ஆனால் மேடையில் நின்றவர் மருத்துவர் அல்லர்.

அக்டோபர் 15 அன்று செனட்டர் டாம் டேஷல் அலுவலகத்தில் ஒரு கடிதத்தைப் பிரித்தார்கள், தூள் கொட்டியது. அங்கிருந்த ஊழியர்களுக்கு உடனே பரிசோதனை, உடனே மாத்திரை. அதே கடிதம் பிரெண்ட்வுட் என்ற தபால் நிலையத்தின் வழியாகத்தான் வந்திருந்தது. அங்கே வேலை நிற்கவில்லை. ஒட்டிய உறையிலிருந்து கிருமி வெளியே வராது என்று நிபுணர்களே நம்பினார்கள். அஞ்சலை வகை பிரிக்கும் இயந்திரம் உறையை அழுத்தித் தள்ளும். பிறகு அந்த இயந்திரத்தைக் காற்றைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வார்கள். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அங்கே வேலை செய்தவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். 18ஆம் தேதி அஞ்சல் துறைத் தலைவர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நிருபர்களைக் கூட்டிப் பயப்பட வேண்டாம் என்றார். 21ஆம் தேதிதான் மூடினார்கள். அன்று ஒரு ஊழியர், மறுநாள் இன்னொருவர் இறந்தார்கள். முதலாமவர் இறந்த நாள் அதிகாலையில் தானே அவசர உதவி எண்ணை அழைத்து, தனக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியிருக்கலாம் என்று மூச்சுத் திணறத் திணறச் சொல்லியிருக்கிறார். மேலிடத்துக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கட்டடத்துக்கு இன்று அந்த இருவரின் பெயர்.

மொத்தம் 22 பேருக்கு நோய், 5 பேர் மரணம். அந்த வாரங்களில் நாடு முழுக்க ஜனங்கள் சிப்ரோ என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கிப் பதுக்கினார்கள். சரியான தகவல் தாமதமானால் மருந்துக்கடையில் வரிசை நீளும்.

அந்த அடிக்குப் பிறகு நிஜமாகவே ஒரு மாற்றம் வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., நெருக்கடியில் மக்களிடம் பேசுவது எப்படி என்று 2002இல் ஒரு கையேடு தயாரித்தது. சீக்கிரம் சொல், சரியாகச் சொல், நம்பும்படி நடந்துகொள் என்பது அதன் சாரம். இன்னும் தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்றே சொல்லச் சொன்னது. அரசு அலுவலகம் ஒன்று இதை எழுதி வைத்ததைச் சாதாரணமாக எண்ண முடியவில்லை. 2003இல், தாக்குதல் வந்தால் வீட்டை அடைக்க டேப்பும் பிளாஸ்டிக் ஷீட்டும் வாங்கி வையுங்கள் என்று அரசு சொல்லப்போக, ஜனங்கள் கடைகளை மொய்த்த கூத்தும் நடந்தது. அதே ஆண்டு அரசு தொடங்கிய ரெடி டாட் கவ் இணையதளம் இன்றும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர், சில நாட்களுக்குக் கெடாத உணவு, டார்ச், பேட்டரி ரேடியோ என்று அது தரும் பட்டியலில் மிரட்டல் எதுவும் இல்லை. வெள்ளத்துக்கும் அதுவே உதவும்.

இன்று? தகவலுக்குப் பஞ்சமே இல்லை. வாட்ஸாப்பைத் திறந்தால் போதும், ஊர் பேர் தெரியாதவர்கள் கிருமி ஆயுதம் பற்றி வகுப்பெடுக்கிறார்கள். கொரோனா காலத்தில் இதன் உச்சத்தைப் பார்த்துவிட்டோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. சி.டி.சி. வெளியிடும் வாராந்தர நோய் அறிக்கை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்காமல் வந்தது. 2001இல் ஆந்த்ராக்ஸ் விவரங்களை மருத்துவர்கள் வாரா வாரம் அதில்தான் படித்தார்கள். 2025 ஜனவரியில் புதிய ஆட்சி சுகாதாரத் துறையின் வாயைக் கட்டியபோது இரண்டு வாரம் அந்த அறிக்கை வரவில்லை. ஆக, அரசு முகவரி என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு நம்பிய காலம் போய்விட்டது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் தொற்றுநோய் ஆய்வு மையம், ஜான்ஸ் ஹாப்கின்ஸின் சுகாதாரப் பாதுகாப்பு மையம் போன்ற இடங்கள் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரியம்மை ஒழிப்புக்குத் தலைமை தாங்கிய டி.ஏ. ஹெண்டர்சன் தொடங்கியது இரண்டாவது மையம்.

நமக்கும் வழிகாட்டி இல்லாமல் இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2008இலேயே உயிரியல் பேரிடருக்கான நெறிமுறைகளை வெளியிட்டுவிட்டது. அதிகாரிகளுக்காக எழுதிய அந்தப் புத்தகத்திலிருந்து, வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியதை மட்டும் எடுத்து, நல்ல தமிழில் நாலு பக்கமாக ரேஷன் கடை சுவரிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்ட அரசு முன்வர வேண்டும். ஆபத்து வந்த பிறகு ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியது: எந்தச் செய்தி வந்தாலும் யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று பாருங்கள். இரண்டும் இல்லாததை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் தமிழ்நாட்டில் 104ஐ அழைத்துக் கேளுங்கள்.