கழித்தெறிந்த வாளும் நிஜாமின் குதிரை வீரர்களும்

பழம்பொருள் சேகரிப்போரிடம் அரிதாகக் காணக்கிடைக்கும் ஒரு வகை வாள் உண்டு. பிடியைப் பார்த்தால் வட்டத் தகடு பொருந்திய நம் நாட்டுத் தல்வார். அலகைப் பார்த்தால் இங்கிலாந்தில் அடித்தது. இந்த இணைப்பு நேர்ந்த கதை சுவையானது. சற்றே வேதனையானதும் கூட.

ஃபிளாண்டர்ஸ் போர்க்களத்தில் பணியாற்றிய லெ மார்ச்சண்ட் என்னும் ஆங்கிலேயக் குதிரைப்படை அதிகாரி, தம் படையின் வாள்கள் எத்துணைப் பயனற்றவை என்பதைக் கண்கூடாகக் கண்டார். அவற்றை வீசிய வீரர்கள் தம் குதிரைகளையே காயப்படுத்தினர். துருக்கியரும் மம்லூக்கியரும் ஏந்திய வளைவாள்களின் சிறப்பை உணர்ந்திருந்த அவர், பர்மிங்காம் நகர வாள் தொழிலாளர் ஆஸ்போர்னுடன் சேர்ந்து புதிய வாளொன்றை உருவாக்கினார். 1796இல் இலகு குதிரைப்படை அதனை ஏற்றது. ஏறத்தாழ 33 அங்குல அலகு. நுனிப்பக்கம் அகன்று, வெட்டுவதற்கென்றே வளைந்திருந்தது. அதிகாரிகள் பலர் தம் வாளின் அலகில் நீலமும் பொன்னும் ஏற்றி அழகு பார்த்தனர். லெ மார்ச்சண்ட் 1812 ஜூலை 22 அன்று ஸ்பெயினின் சலமான்காப் போரில் குதிரைப்படையை நடத்திச் சென்றபோது உயிர் துறந்தார். 1821இல் வேறு வகை வாள் அறிமுகமாயிற்று, பழையவை கழிக்கப்பட்டன.

கழிக்கப்பட்டவற்றுள் சில ஹைதராபாத்தை அடைந்தன.

15ஆம் ஹுஸார் படையில் அதிகாரியாயிருந்து சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த கேப்டன் நோலன், ஒரு சண்டையைப் பற்றிக் கேள்வியுற்றார். நிஜாமின் குதிரை வீரர்கள் தம்மினும் தொகையில் மிகுந்த ரோஹில்லாக்களை முறியடித்திருந்தனர். மருத்துவரின் அறிக்கையைக் கண்ட அவர் திகைத்தார். ஒரே வீச்சில் தலைகளும் கைகளும் துண்டிக்கப்பட்டிருந்தன. (வெட்டியோரிலும் வெட்டுண்டோரிலும் கலிமாச் சொன்னோரே மிகுதியாக இருந்திருப்பர் என எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.)

அப்படி என்ன அதிசய வாள் என்று நேரில் பார்த்த நோலனுக்கு வியப்பே மிஞ்சியது. பெரும்பாலானவை ஆங்கிலேயர் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய அலகுகள்! நம் வீரர்கள் அவற்றுக்குத் தம் நாட்டுப் பிடியைப் பொருத்தி, சவரக்கத்தி போல் கூர் தீட்டி, மர உறையிலிட்டு வைத்திருந்தனர். சண்டையின்போதன்றி வெளியே எடுப்பதில்லை. ஆங்கிலேய வீரரின் உறையோ இரும்பாலானது. அணிவகுப்புக்கும் துலக்குவதற்குமாக வாளை உருவிச் செருகும் ஒவ்வொரு முறையும் இரும்பு உரசிக் கூர் மழுங்கும். ஒரே அலகுதான், பேணிய முறையில்தான் வேற்றுமை.

எவ்வாறு வெட்டப் பயிற்றுவிக்கிறீர்கள் என்று முதிய வீரர் ஒருவரை நோலன் வினவினார். ஓங்கி வெட்டுவோம் என்றார் அவர். முறை யாது என்று மீண்டும் கேட்டதற்கு, முறையொன்றும் கற்பிப்பதில்லை, கூரிய வாள் யார் கையிலும் வெட்டும் என்ற கருத்தில் பதில் வந்தது. பயிற்சி நூல்களின் பக்கங்களைப் புரட்டிப் பழகிய அதிகாரிக்கு இது சற்றே உறைத்திருக்க வேண்டும்!

1853இல் வெளிவந்த தம் நூலில் நோலன் இவற்றையெல்லாம் எழுதி, இரும்பு உறையைச் சாடினார். மறு ஆண்டு அக்டோபர் 25 அன்று, கிரிமியாவின் பாலக்லாவாவில், இலகு குதிரைப்படையின் பாய்ச்சல் தொடங்கிய சில நொடிகளிலேயே அவர் மாண்டார். அவரை வீழ்த்தியது வாளன்று. ரஷ்யப் பீரங்கிக் குண்டின் சிதறல்.