ஸ்டைலிஸ்ட் ஆகப் போகிறீர்களா? ஒப்பந்தத்தை முதலில் எழுதுங்கள்

மும்பைத் திரையுலகில் 2014 வரை ஒரு விதி இருந்தது. ஆண்கள் மேக்கப் போடலாம். பெண்கள் தலை அலங்காரம் மட்டும்தான் செய்யலாம். அங்கிருந்த மேக்கப் கலைஞர்கள் சங்கம் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் என்ற அட்டையைத் தரவே மறுத்தது. அட்டை இல்லாதவருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் வேலை இல்லை. முறையாகப் பயிற்சி பெற்றுவந்த சாரு குரானாவின் விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. அவரும் வேறு சில பெண் கலைஞர்களும் உச்ச நீதிமன்றத்தின் படி ஏறினார்கள். நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு.லலித் அமர்வு 2014 நவம்பர் 10 அன்று அந்த விதியைச் செல்லாது என்று அறிவித்தது. மகாராஷ்டிரத்தில் ஐந்து ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு போயிற்று.

ஒருவர் விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமை அரசியல் சாசனம் தந்தது. அதைச் சங்கத்தின் விதி பறிக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

பர்சனல் ஸ்டைலிஸ்ட், இமேஜ் கன்சல்டன்ட் என்ற பெயர்களில் இன்று வளரும் தொழிலில் இப்படி ஒரு வாசல் காவலே கிடையாது. முகூர்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் உடை தேர்ந்து தருபவர், விளம்பர ஷூட்டுக்கு உடைகளைத் திரட்டுபவர், பதவி உயர்வு பெற்ற மேலாளருக்கு உடையும் நடையும் சொல்லித் தருபவர் என எல்லோரும் இதில் அடக்கம். இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள அரசு உரிமம் வேண்டாம், தேர்வு வேண்டாம். நுழைவது சுலபம். ஏமாற்றப்படுவதும் அதே அளவுக்குச் சுலபம். வேலை பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் பேசி, வாய்மொழியில் முடிவாகிறது. பிரச்சினை வரும்போது கையில் ஒரு தாள்கூட இருப்பதில்லை.

முதல் இழப்பு பயிற்சிக் கட்டணத்திலேயே தொடங்கிவிடும். சில வாரப் பயிற்சிக்குப் பல பத்தாயிரங்கள் கேட்கிறார்கள். ‘சர்வதேசச் சான்றிதழ்’, ‘நூறு சதவீத வேலை’ என்று சொல்கிறார்கள். சான்றிதழை வழங்குவது யார் என்று அங்கேயே கேட்க வேண்டும். சர்வதேச இமேஜ் கன்சல்டன்ட்கள் சங்கம் போன்ற தொழில் அமைப்புகள் சில நிலைகளில் சான்று தருகின்றன. அது தகுதிக்கான அடையாளம். அரசு உரிமம் அல்ல. சென்னை தரமணியில் 1995 முதல் இயங்கும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற அரசு சார்ந்த இடங்களில் என்ன பயிற்சி, என்ன கட்டணம் என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டலாம். வேலை வாங்கித் தருவதாகச் சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பொய் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்; மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. புகாருக்கு 1915.

பயிற்சி முடிந்ததும் மூத்த ஸ்டைலிஸ்ட் ஒருவரிடம் அசிஸ்டென்டாகச் சேர்வது வழக்கம். ‘இங்கிருந்து விலகினால் இரண்டு வருடம் இதே தொழிலைச் செய்யக் கூடாது’ என்று கையெழுத்து வாங்கும் இடங்கள் உண்டு. அந்தக் கையெழுத்தை நினைத்துப் பயந்து பிடிக்காத இடத்திலேயே கிடப்பவர்களும் உண்டு. பயப்படத் தேவையில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியலைத் திருடிக்கொண்டு போவதற்கு அந்தப் பிரிவு துணை வராது.

பேசிய பணத்தைத் தராமல் இழுப்பதுதான் இந்தத் தொழிலின் தீராத நோய். ஷூட் முடிந்த மறுநாள் முதல் ‘அக்கவுன்ட்ஸ்ல சொல்லியிருக்கேன்’ என்ற பதில் தொடங்கும், மாதங்கள் ஓடும். இதற்குச் சரியான மருந்து 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. வீட்டில் ஒற்றை ஆளாக இருந்து தொழில் செய்யும் ஸ்டைலிஸ்டும் குறுந்தொழில் முனைவோர்தான். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ‘உத்யம்’ அரசுத் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. கட்டணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல. பதிவு செய்தவருக்கு, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ‘90 நாளில் தருவோம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த உச்சவரம்பு மாறாது. தேதியே எழுதவில்லை என்றால் கெடு 15 நாட்கள்தான். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக.

தராமல் இழுத்தால் அரசின் இணையத் தளம் வழியாக, இதே சட்டத்தின் கீழ் உள்ள வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். குழு முதலில் சமரசம் பேசும். முடியாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகும். அந்தத் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் நிறுவனம், தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். சிறியவர்களுக்கு இவ்வளவு சாதகமான சட்டம் நம் நாட்டில் அதிகம் இல்லை. வேலை தொடங்கிய பிறகு பதிவு செய்து, பழைய பாக்கிக்கும் இதைக் கோர முயன்றவர்களின் வழக்குகள் சிக்கலில் மாட்டியிருக்கின்றன. ஆகவே முதல் வேலையை ஏற்கும் முன்பே உத்யம் எண் கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணை இன்வாய்ஸிலும் அச்சிட வேண்டும்.

எழுத்து ஒப்பந்தம் என்றதும் வக்கீல், முத்திரைத்தாள் என்று மிரள வேண்டாம். என்ன வேலை, எத்தனை லுக், எத்தனை ட்ரையல், அட்வான்ஸ் எவ்வளவு, பேலன்ஸ் எந்தத் தேதியில், நிகழ்ச்சி ரத்தானால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும், பயணச் செலவு யாருடையது என்று ஒரு பக்க மின்னஞ்சலில் எழுதி, ‘சம்மதம்’ என்ற பதிலை வாங்கினாலே அது ஒப்பந்தம். கல்யாணம் தள்ளிப்போகும் வீடுகளில் அட்வான்ஸை வைத்துத்தான் மனக்கசப்பே வருகிறது. அந்த ஒரு வரியை எழுதினால் இருதரப்பு நிம்மதியும் காப்பாற்றப்படும்.

இரவல் உடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஷூட்டுக்காக டிசைனர்களிடமிருந்து சாம்பிள் உடைகளையும் வாடகை நகை செட்டுகளையும் ஸ்டைலிஸ்ட் தன் பொறுப்பில் எடுத்து வருகிறார். லெஹங்காவில் ஃபவுண்டேஷன் கறை, ஜிமிக்கியில் ஒரு கல் காணோம் என்றால் மொத்த விலையும் அவர் தலையில் விழுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152-ஆவது பிரிவுகள்படி, இரவல் பொருளைத் தன் பொருளைப் போலச் சாதாரண விவேகத்தோடு பார்த்துக்கொண்டவர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நஷ்டத்துக்குப் பொறுப்பல்ல. கவனமாக இருந்ததை நிரூபிக்க வேண்டுமே! பொருளை வாங்கும்போதும் திருப்பும்போதும் அதன் எல்லாப் பக்கங்களையும் வீடியோ எடுத்து அன்றே அனுப்பிவிடுவது நல்லது. சேதமானால் யார் தருவது என்பதை விளம்பர நிறுவனத்தின் ஒப்பந்தத்திலும் சேர்க்க வேண்டும்.

மணப்பெண்ணின் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதிலும் சட்டம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே அந்தப் புகைப்படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அலங்காரம் செய்தவருக்கு அந்தப் படத்தில் உரிமை தானாக வந்துவிடாது. எனவே போர்ட்ஃபோலியோவில் போட எழுத்தில் சம்மதம் வேண்டும். ‘முன்பு, பின்பு’ படங்களில் ஒருவரின் உடலும் முகமும் காட்சிக்கு வைக்கப்படுவதால் அங்கே இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். உடல் அளவுகளும் அந்தரங்கத் தகவலே.

நிறத்தைப் பற்றிய ஒரு கவலையையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று மனிதர்களைப் பருவமாகப் பிரிக்கும் கலர் அனாலிசிஸ் முறையை 1980-இல் அமெரிக்காவில் வந்த ‘கலர் மீ பியூட்டிஃபுல்’ என்ற நூல் பரப்பியது. அதை அப்படியே மாநிறத்திலும் கறுப்பிலும் நூறு சாயல்கள் உள்ள நம் முகங்களின் மேல் ஒட்டுவது சரியான தொழில் அல்ல. அதைவிட மோசம், ‘கொஞ்சம் கலர் ஏறினா நல்லாயிருக்கும்’ என்று கிரீம் பரிந்துரைப்பது. 2023-இல் கேரளத்தின் மலப்புரத்தில் சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் சோதனைகள் நடத்தியது. பாதரசம் கலந்த இத்தகைய கிரீம்களுக்கு 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகள் தடை விதிக்கின்றன. உற்பத்தி உரிம எண், தயாரித்தவர் முகவரி இல்லாத டப்பாவை விற்றாலோ பரிந்துரைத்தாலோ வாடிக்கையாளர் உங்களை நுகர்வோர் ஆணையத்தில் நிறுத்தலாம். காசு வாங்கிக்கொண்டோ பொருளை இலவசமாகப் பெற்றோ புகழ்ந்தால், அது விளம்பரம் என்று பதிவிலேயே சொல்ல வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் பெண்கள் எந்தச் சங்கடமும் பார்க்கக் கூடாது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டு சட்டம், தற்காலிகமாகவும் ஒப்பந்தத்திலும் வேலை செய்பவர்களையும் காக்கிறது. வேலைக்காகப் போகும் இடமும், அங்கு போய்வர நிறுவனம் தரும் வண்டியும்கூடப் பணியிடமே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு. சிறிய இடமென்றாலோ முதலாளி மீதே புகார் என்றாலோ மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழு. ட்ரையலை ஹோட்டல் அறையில் வைக்கச் சொல்லும் புதிய வாடிக்கையாளரிடம் ‘என் ஸ்டூடியோவுக்கு வாங்க’ என்று சொல்ல ஒவ்வொரு ஸ்டைலிஸ்டுக்கும் உரிமை உண்டு. பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112.

கல்யாண ஆர்டர் தருவதாக அழைத்து, ‘அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க’ என்பவர் மோசடிக்காரர். பணம் பெற ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு.

வரியைப் பொறுத்தவரை, நிறுவனங்கள் பிடிக்கும் டிடிஎஸ் கணக்கில் ஏறியதா என்று பார்ப்பதும், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு செய்வதும் அவசியம்.

மேலே சொன்ன உரிமைகளுக்கெல்லாம் காலக்கெடு உண்டு. பாலியல் துன்புறுத்தல் புகாரை மூன்று மாதங்களுக்குள் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் தரலாம். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டுகள். கூலி பாக்கிக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட மூன்று ஆண்டுகள். உங்களிடம் வராத பாக்கி ஏதாவது இருந்தால், அந்த வேலை முடிந்த தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.