வீட்டு ஒலியமைப்பில் டிஜிட்டல் இசையின் ஒலித்தரம்

வீட்டு ஒலியமைப்பில் ஒலித்தரம் என்பது, பதிவான இசை எந்த அளவுக்குத் திரிபு இல்லாமல் கேட்பவரின் காதை அடைகிறது என்பதைக் குறிக்கும். டிஜிட்டல் இசை ஐந்து கட்டங்களைக் கடந்து காதை அடைகிறது: இசைக்கோப்பு, டிஜிட்டல்-அனலாக் மாற்றி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், அறை. ஒரு கட்டத்தில் இழந்ததை அடுத்த கட்டத்தில் மீட்க இயலாது. எனவே தரத்தை உயர்த்த விரும்புவோர், பணம் செலவழிக்கும் முன் எந்தக் கட்டத்தில் இழப்பு அதிகம் என்பதைக் கண்டறிய வேண்டும்.

இசைக்கோப்பு

1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலி அலையை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் பதிகிறது. அளக்கும் வீதத்தில் பாதிக்குக் குறைவான அதிர்வெண்களை முழுமையாக மீட்கலாம் என்கிறது நைக்விஸ்ட்-ஷானன் தேற்றம். அதன்படி குறுந்தகட்டின் எல்லை 22,050 ஹெர்ட்ஸ். மனிதக் காதின் மேல் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் குறையும்.

காதுக்குப் புலப்படாது எனக் கணிக்கப்படும் பகுதிகளை நீக்கி, கோப்பைச் சிறிதாக்குவது எம்பி3 முறை. குறுந்தகட்டில் நொடிக்கு 1,411 கிலோபிட் கொள்ளும் இசையை 128 கிலோபிட்டில் அடக்கும்போது, ஜால்ரா போன்ற கூர்மையான ஓசைகள் மழுங்கக்கூடும். அந்தக் கோப்பை மீண்டும் 320 கிலோபிட்டுக்கு மாற்றினால் அளவு பெருகுமே தவிர, தரம் உயராது. ஆகவே குறுந்தகடுகளைக் கணினியில் ஏற்றுவோர், தகவல் இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் வடிவில் சேமிப்பது நல்லது. பின்னர் தகடு கெட்டுப்போனாலும் இசை முழுமையாக எஞ்சும்.

குறுந்தகட்டை விஞ்சிய உயர் தெளிவுக் கோப்புகளின் பயன் குறைவே. 2007இல் மேயர், மோரன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், உயர் தெளிவு ஒலியையும் அதையே குறுந்தகட்டின் தரத்துக்கு மாற்றிய ஒலியையும் வழக்கமான ஒலியளவில் கேட்டவர்களால் வேறுபடுத்த முடியவில்லை.

மாற்றியும் ஆம்ப்ளிஃபயரும்

இன்று குறைந்த விலை மாற்றிகளும் போதிய துல்லியம் கொண்டவை. புளூடூத் வழி அனுப்பும்போது இசை பெரும்பாலும் மறுபடி சுருக்கப்படுகிறது. கம்பி இணைப்பிலோ வைஃபையிலோ இதைத் தவிர்க்கலாம். ஆம்ப்ளிஃபயரின் திறனை இரு மடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும்.

ஸ்பீக்கரும் அறையும்

பெரும்பாலான வீடுகளில் அதிகம் திரிபு ஏற்படுவது இங்குதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 12 அடி இருந்தால், சுமார் 47 ஹெர்ட்ஸில் நிலை அலை உருவாகும். பேஸ் கிட்டாரின் அடித்தள ஒலி இந்த எல்லையில் வரும். அறையின் நடுவில் அமர்பவருக்கு அது ஏறக்குறைய மறைந்துவிடும். சுவரை ஒட்டி அமர்பவருக்கு அளவுக்கு மீறி முழங்கும். இதை ஈக்குவலைசரால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. இருக்கையை இடம் மாற்றுவதே எளிய வழி.

செலவின்றிச் செய்யக்கூடியவை:

• இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைய வேண்டும்.
• உயர் அதிர்வெண் ஸ்பீக்கர் காது மட்டத்தில் இருக்க வேண்டும்.
• மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி வீங்கும். சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க வேண்டும்.
• இரு ஸ்பீக்கர்களிலும் சிவப்பு, கறுப்பு முனைகள் ஒரே முறையில் இணைந்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். ஒன்றில் மாறியிருந்தால் தாழ்ந்த ஒலி வலுவிழக்கும்.

சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியை எதிரொலித்துப் பாடலின் சொற்களைக் கலங்கச் செய்யும். கனமான திரை, கம்பளம், புத்தக அலமாரி ஆகியவை இதைக் குறைக்கும்.

ஒப்பிடும் முறை

சற்றே உரத்து ஒலிப்பதை மேலான தரம் என்று காது எளிதில் நம்பிவிடும். புதிய கருவியையோ விலையுயர்ந்த கேபிளையோ சோதிக்கும்போது, இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்து, எது ஒலிக்கிறது என்று அறியாமல் கேட்க வேண்டும். அப்போதும் வேறுபாடு தெரிந்தால் மட்டுமே அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு.