மீட்டிங்குக்குப் பூட்டு போட்டாச்சு... அழைப்புக்கு?

2024-ம் ஆண்டு மே மாதம், ஜெர்மனியின் 'த்சைட்' இதழின் இணையப் பக்கத்தில் வெளியான ஒரு செய்தி அந்நாட்டு ராணுவத்தைச் சங்கடத்தில் தள்ளியது. ராணுவம் 'வெப்எக்ஸ்' வழியாக நடத்திய 6,000-க்கும் மேற்பட்ட வீடியோ மீட்டிங்குகளின் விவரங்கள், வெளியாட்களும் பார்க்கக்கூடிய வகையில் இணையத்தில் கிடந்தன. லிங்க்குகளில் இருந்த எண்கள் எளிதில் ஊகிக்கும்படி அமைந்திருந்ததால், எண்ணை மாற்றிப் போட்டாலே இன்னொரு மீட்டிங்கின் விவரம் வந்து நின்றது.

மீட்டிங்கில் பேசியது எதுவும் இதில் வெளியாகவில்லை. தலைப்பு, நேரம், கூட்டியவர் பெயர்... தெரிந்தது இவ்வளவுதான். ஆனால், அந்தத் தலைப்புகளில் ஒன்றில் 'டாரஸ்' என்ற பெயர் இருந்தது. உக்ரைனுக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா என்று ஜெர்மனியே விவாதித்துக்கொண்டிருந்த ஏவுகணை அது. அதே ஏவுகணை பற்றி ஜெர்மன் விமானப்படை அதிகாரிகள் பேசிய ஆடியோவை ரஷ்யத் தரப்பு வெளியிட்டு இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. எதைப் பற்றி, யார், எப்போது பேசப்போகிறார்கள் என்று தெரிந்தாலே உளவாளிக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதானே?

'ராணுவ ரகசியத்துக்கும் நம்ம போனுக்கும் என்ன சம்பந்தம்?' என்று தோன்றலாம். ஆபீஸ் காலண்டரில் ஒருவர் 'இன்டர்வியூ, மாலை 4 மணி' என்று குறித்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் 'கருத்தரிப்பு மையம், காலை 10 மணி' என்று போடுகிறார். ஹெச்.ஆர் பிரிவிலிருந்து 'ஆட்குறைப்பு - இறுதிப் பட்டியல்' என்ற தலைப்பில் நாலு பேருக்கு அழைப்பு போகிறது. பல நிறுவனங்களில் ஊழியர்களின் காலண்டர் ஒருவருக்கொருவர் தெரியும்படிதான் செட்டிங்ஸ் இருக்கும். அந்த ஒற்றை வரியைப் பார்த்தாலே போதும். வேலையை விட்டுப் போகிறார் என்பதோ, குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிறார் என்பதோ மதியச் சாப்பாட்டுக்குள் ஆபீஸ் முழுக்கப் பரவிவிடும்.

காலண்டர் அழைப்பு என்பது உண்மையில் 'ஐசிஎஸ்' என்ற சின்ன ஃபைல். 1998-ல் இதற்கான பொது விதிகள் வந்தன, 2009-ல் திருத்தப்பட்டன. அந்த ஃபைலை கம்ப்யூட்டரில் சாதாரண நோட்பேடில் திறந்தால் தலைப்பு, இடம், நேரம், அழைக்கப்பட்டவர்களின் இமெயில் முகவரி எல்லாம் அப்படியே படிக்கலாம். பத்துப் பேரை அழைத்தால் பத்து மெயில் பெட்டிகளில் பத்து பிரதிகள். காலண்டரிலிருந்து மீட்டிங்கை நீக்கினாலும், முதலில் போன மெயில் அவர்களிடம் இருக்கும்.

சரி, என்க்ரிப்ஷன் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால், சாவி யார் கையில் என்பதுதான் விஷயம். நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் காலண்டர்களில், போனிலிருந்து சர்வருக்குப் போகும் வழியில் தகவல் பூட்டப்பட்டுத்தான் போகிறது. அந்தப் பூட்டின் சாவி சேவை தரும் நிறுவனத்திடமும் இருக்கிறது. அந்த நிறுவனமே படிக்க முடியாதபடி பூட்டுவது இன்னொரு வகை.

கூகுள், 2023 பிப்ரவரியில் இந்த இரண்டாம் வகையைக் காலண்டருக்கும் கொண்டுவந்தது. ஆனால், பெரிய நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்குமான சில கட்டணத் திட்டங்களில் மட்டும்தான். இலவச ஜிமெயில் கணக்குக்குக் கிடையாது. அதிலும் மீட்டிங் பற்றிய விளக்கக் குறிப்பு, இணைப்புகள், வீடியோ உரையாடல் ஆகியவைதான் பூட்டப்படும். தலைப்பு, நேரம், அழைக்கப்பட்டவர்கள் பட்டியல் பூட்டுக்கு வெளியே நிற்கும். கல்யாணப் பத்திரிகையைக் கவரில் போட்டு நன்றாக ஒட்டிவிடுகிறோம். ஆனால், மூலையில் தடவிய மஞ்சளைப் பார்த்ததுமே வீட்டில் என்ன விசேஷம் என்று போஸ்ட்மேனுக்குத் தெரிந்துவிடுகிறதே, அப்படித்தான் இதுவும்.

ஆப்பிளும் விதிவிலக்கல்ல. 2022 இறுதியில் ஐகிளவுடுக்குக் கூடுதல் பாதுகாப்பு வசதி ஒன்றைத் தந்தது. போட்டோக்களும் நோட்ஸும் அதற்குள் வந்தன. மெயில், கான்டாக்ட்ஸ், காலண்டர் மூன்றும் வரவில்லை. மற்ற நிறுவனங்களின் மெயில், காலண்டர்களோடும் அவை சேர்ந்து இயங்க வேண்டும் என்பதே ஆப்பிள் சொல்லும் காரணம். சுவிட்சர்லாந்தின் 'புரோட்டான் காலண்டர்' தலைப்பு, இடம், விருந்தினர் பெயர் வரைக்கும் பூட்டுகிறது. நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பதால் நேரத்தை மட்டும் விட்டுவைக்கிறது. ஆனால், அங்கிருந்து ஒரு ஜிமெயில்காரரை அழைத்தால், அவருடைய பெட்டியில் அது வழக்கமான அழைப்பாகத்தான் போய் விழும்.

பலரும் நம்பியிருப்பது 'ப்ரைவேட்' என்ற பட்டனை. அது என்க்ரிப்ஷன் அல்ல, வெறும் திரைச்சீலை. காலண்டரை எட்டிப் பார்ப்பவருக்கு 'பிஸி' என்று மட்டும் காட்டும். கூகுளில் உங்கள் காலண்டரைத் திருத்தும் அனுமதி பெற்றவருக்கு முழு விவரமும் தெரியும். அவுட்லுக்கில், விவரங்களை மறைக்க இந்த வசதியையே நம்பியிருக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது.

ஆகவே, காசு செலவில்லாத பாதுகாப்பு தலைப்பில்தான் இருக்கிறது. 'மாலை 4 - பேச வேண்டும்' என்று சப்பென்று ஒரு தலைப்பு போதும். எதைப் பற்றி என்பதை போனில் சொல்லிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பிலோ சிக்னலிலோ அனுப்பினாலும் சரி, அங்கே அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படிதான் செய்தி பூட்டப்படுகிறது. சொந்த விஷயங்களை ஆபீஸ் கணக்கில் குறிக்கவே வேண்டாம். அந்தக் கணக்கு நிறுவனத்துடையது, அதை நிர்வகிப்பவரால் உள்ளே பார்க்க முடியும்.

கூகுள் காலண்டரில் அழைப்பு அனுப்பும்போது, விருந்தினர் பட்டியலுக்குக் கீழே இருக்கும் டிக் குறிகளையும் கவனிக்க வேண்டும். 'மற்றவர்களை அழைக்கலாம்', 'பட்டியலைப் பார்க்கலாம்' என்ற இரண்டும் வழக்கமாகவே டிக் ஆகித்தான் இருக்கும். எடுத்துவிடாவிட்டால், ஒரே வேலைக்கு இன்டர்வியூவுக்கு அழைக்கப்பட்ட மூன்று பேரும் ஒருவர் பெயரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக லாக் ஸ்கிரீன். நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் விவரங்களை மறைக்கச் சொல்லாவிட்டால், பத்து நிமிடம் முன்னதாக நினைவூட்டல் வரும்போது முழுத் தலைப்பும் பளிச்சென்று திரையில் எரியும். அம்மாவின் கணக்கு பிள்ளை படிக்கும் டேப்லெட்டிலும் திறந்திருந்தால் இன்னும் விசேஷம். இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் வாண்டு, கூடத்தில் விருந்தினர் உட்கார்ந்திருக்கும்போது அதைச் சத்தமாக வாசித்துக் காட்டும்.