பழைய லோடு வண்டி வாங்குவோர் கவனத்திற்கு: இழுவையும் பிடிமானமும்

கொள்முதலில் மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைத்து வாங்க அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். ஆனால் அந்த மூட்டையைச் சுமந்து வரும் வண்டியைப் பழையதாக வாங்கும்போது, பெயின்ட் பளபளப்பையும் தரகர் சொல்லும் விலையையும் மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறோம். பின்னர் மாதந்தோறும் பட்டறைக்குக் கட்டும் பணம் லாபத்தைத் தின்றுவிடுகிறது.

பந்தயக் கார் வாங்குகிறவர் பார்ப்பது இரண்டு: வண்டி எப்படி இழுக்கிறது, வளைவிலும் பிரேக்கிலும் சாலையை எப்படிப் பிடித்து நிற்கிறது. ஒரு டன் சரக்கு ஏற்றும் நமக்கு இவ்விரண்டும் அவரைவிட அதிகம் தேவை.

சந்தையில் உள்ள மூன்று வகை

பழைய வண்டிச் சந்தையில் சிறு வணிகர்கள் பெரும்பாலும் மூன்று வண்டிகளுக்கு இடையேதான் தடுமாறுகிறார்கள்.

முதலாவது, நாம் 'குட்டியானை' என்று அழைக்கும் டாடா ஏஸ். 2005-ல் வந்த முதல் மாடலுக்கு இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன். சரக்குத் திறன் சுமார் 750 கிலோ. திரும்பும் ஆரம் 4.3 மீட்டர்தான். ஆகவே நெருக்கடியான கடைத்தெருவில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்ப இதற்கு இணை குறைவு.

இரண்டாவது, ஓசூரில் தயாராகி 2011-ல் விற்பனைக்கு வந்த அசோக் லேலண்ட் தோஸ்த். மூன்று சிலிண்டர், சுமார் 1.5 லிட்டர் இன்ஜின், 50-க்கும் மேற்பட்ட குதிரைத்திறன், சுமார் 1¼ டன் சரக்கு.

மூன்றாவது, மஹிந்திரா பொலேரோ பிக்கப். நான்கு சிலிண்டர், 2,523 சி.சி. இன்ஜின். மாடலைப் பொறுத்து 1¼ டன்னுக்கு மேல் 1.7 டன் வரை ஏற்றலாம்.

இழுவைக் கணக்கு

குதிரைத்திறனைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. சரக்கோடு சேர்ந்த மொத்த எடையைக் குதிரைத்திறனால் வகுத்துப் பாருங்கள். முதல் மாடல் ஏஸின் மொத்த எடை 1,550 கிலோ. ஒரு குதிரைத்திறன் சுமார் 97 கிலோவை இழுக்க வேண்டும். தோஸ்தின் மொத்த எடை சுமார் 2½ டன். அதில் ஒரு குதிரைத்திறன் மீது விழும் சுமை 50 கிலோவுக்கும் குறைவு. சமதளத்தில், நகருக்குள் மெதுவாக ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. மேம்பாலத்தில், மலைச்சாலையில், நான்கு வழிச்சாலையில் தெரியும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கு வாரம் இருமுறை சரக்கு அனுப்புகிறவர் 16 குதிரைத்திறனை நம்பக் கூடாது.

பெரிய வண்டிதான் லாபம் என்பதும் இல்லை. தினம் 30 கிலோமீட்டர் தொலைவுக்கு 1,200 கிலோ அனுப்புவதாகக் கொள்வோம். சின்ன வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டரும் பெரிய வண்டி 15 கிலோமீட்டரும் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், சின்ன வண்டி இரண்டு நடையில் 120 கிலோமீட்டர் ஓடி 6 லிட்டர் குடிக்கும். பெரியது ஒரே நடையில் 4 லிட்டரில் முடிக்கும். சரக்கு 600 கிலோதான் என்றால் சின்ன வண்டிக்கு 3 லிட்டர், பெரியதற்கு அதே 4 லிட்டர். எனவே உங்கள் பில் புத்தகத்தை எடுத்து மூன்று மாதச் சரக்கு எடையைக் கூட்டிப் பாருங்கள். எந்த வண்டி என்பதை அதுவே சொல்லிவிடும்.

பிடிமானம்

காலி வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்குவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. காலியாக எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். விற்பவர் சம்மதத்துடன் உங்கள் சரக்கையே ஏற்றி ஓட்டுங்கள். 26 கிலோ அரிசிச் சிப்பம் 28 ஏற்றினால் 728 கிலோ. ஏஸுக்கு அதுவே ஏறக்குறைய எல்லை. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் அளவு. ஓட்டுநரும் கூட வருகிறவரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

ஆள் இல்லாத நேரான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அழுத்துங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கிலோ முன் அச்சிலோ கோளாறு. ஸ்டீயரிங்கில் ஆட்டம் அதிகமா என்று பாருங்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின் அல்லது பேரிங் தேய்மானம் தெரியும். இடமும் வலமும் ஆட்டினால் டை ராடு முனைத் தேய்மானம் தெரியும்.

பின் பட்டையை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதல் பட்டை இருந்தால் அது ஓவர்லோடு அடித்த வண்டி. சேசிஸில் வெல்டிங் தழும்போ, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் விலகிவிடுங்கள். டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருப்பதும் நல்ல அடையாளம் அல்ல.

இன்ஜினுக்குச் சில சோதனைகள்

1. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். சூடேற்றி வைத்த வண்டி எல்லாம் உடனே கிளம்பும்.

2. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். தொடர்ந்து கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரையோ இன்ஜெக்டரையோ சந்தேகிக்கலாம்.

3. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் ஆவி குபுகுபுவென்று அடிக்கக் கூடாது.

4. கை பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

5. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டியில் புகை வடிகட்டி உண்டா என்று கேளுங்கள். கடைத்தெருவுக்குள்ளேயே சிறு ஓட்டம் ஓடினால் அது அடைபடும்.

காகிதங்கள்

எஃப்.சி. நடப்பில் இருக்க வேண்டும். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பதால் ஏழெட்டு வயது வண்டிக்கு அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவை. பிக்கப்பில் சில மாடல்கள் அந்த எல்லையைத் தாண்டுபவை. ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் ஃபாரம் 35 கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள்.

வாங்கிய பிறகு

நல்ல வண்டியையும் தவறாக ஏற்றினால் பிடிமானம் போய்விடும். கனமான சரக்கு கீழே, பின் அச்சுக்குச் சற்று முன்பாக அமைய வேண்டும். வால் பக்கம் கனம் கூடினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும். பிளாஸ்டிக் குடம், பஞ்சு போன்றவை எடை குறைவு என்று உயரமாக அடுக்கினால் வளைவிலும் காற்றிலும் வண்டி சாயும். மலையில் ஏறிய கியரிலேயே இறங்கும்படி ஓட்டுநரிடம் சொல்லுங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறி அது பிடிக்காமல் போகும்.

ஓவர்லோடுக்கு 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். பத்து மூட்டை கூடுதலாக ஏற்றிச் சேர்த்த வாடகை ஒரே சோதனையில் போய்விடும். அபராதத்தைக் கட்டிவிடலாம், பிரேக் பிடிக்காத வண்டியில் இருக்கும் ஓட்டுநரின் உயிருக்கு ஈடு கிடையாது. அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

ஆகவே சரக்கை எடை போட்டு வண்டியைத் தேர்ந்தெடுங்கள். சரக்கேற்றி ஓட்டிப் பார்த்து விலை பேசுங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி, வணிகர் செய்யும் செலவுகளில் மிகச் சிக்கனமானது.